முதல்ல சாணைக்கல் வாங்குங்க

போன வருஷம் ஜூன் மாசம், குற்றாலத்துல சாரல் ஆரம்பிச்ச வாரம், என் இடது கட்டைவிரலுக்குக் கீழே நாலு தையல் போட்டாங்க. தென்காசியில ஒரு ஆஸ்பத்திரி. தையல் போட்ட டாக்டர் "என்ன மெஷின்?"னு கேட்டார். "கிரைண்டர்"னு சொன்னேன். "மாவு ஆட்டுறதா?"ன்னு கேட்டுட்டு அவரே சிரிச்சார். பக்கத்துல நின்ன எங்கம்மா சிரிக்கல.

நான் செய்ய நினைச்சது ஒரு சின்ன புத்தக அலமாரி. செமஸ்டர் லீவு. ரீல்ஸ் பாத்துப் பாத்து கை துறுதுறுத்துச்சு. ரெண்டாயிரம் ரூபாய்க்குள்ள ஆன்லைன்ல ஒரு நாலு இஞ்ச் ஆங்கிள் கிரைண்டர், அதுக்கு மரம் அறுக்கிற பல் பிளேடு ஒண்ணு. பிளேடு 110 மில்லிமீட்டர், கிரைண்டர் 100 மில்லிமீட்டர் டிஸ்க்குக்காகச் செஞ்சது. பிளேடை மாட்டினா கார்டு இடிச்சுது. வீடியோவுல வந்த அண்ணன் கார்டைக் கழட்டிட்டுத்தான் அறுத்தார். நானும் கழட்டினேன். புறவாசல் திண்டுல பலகையை வெச்சு, இடது கையால அமுக்கிப் பிடிச்சு, வலது கையால மெஷினை இறக்கினேன். அரை நிமிஷம் நல்லாத்தான் போச்சு. அப்புறம் அறுத்த வாய் லேசா மூடி பிளேடைக் கவ்விச்சு. மெஷின் என்னைப் பாத்து எகிறுச்சு. கையை விட்டா நின்னுடும்னு நினைச்சு விட்டேன். அதோட சுவிட்ச், முன்னால தள்ளினா அப்படியே பூட்டிக்கிற வகை. தரையில விழுந்தும் சுத்திக்கிட்டே இருந்தது. அப்பா ஓடி வந்து பிளக்கைப் பிடுங்கினார்.

நம்ம பசங்க நிறைய பேர் இப்போ "வீட்ல ஒரு வொர்க்‌ஷாப் செட் பண்ணணும் மச்சி"ன்னு சொல்லிட்டு அலையிறதைப் பாக்கிறேன். பிராஜெக்ட்டுக்கு, ட்ரோன் ஃபிரேமுக்கு, ஸ்பீக்கர் பாக்ஸுக்கு, சும்மா ஆசைக்கு. என்ன மெஷின் வாங்கலாம்னு என்கிட்டயே மூணு பேர் கேட்டாச்சு. மூணு பேருக்கும் ஒரே பதில்தான் சொன்னேன், அதையே இங்க விரிவா எழுதறேன். முதல்ல மெஷின் வாங்காதீங்க. சாணைக்கல் வாங்குங்க. கூடவே இன்னொண்ணும் சொல்லணும். நம்ம காலேஜ் வொர்க்‌ஷாப்ல மரவேலைக்கு முதல் நாள் கத்துக்குடுக்க வேண்டியதும் சாணை பிடிக்கிறதுதான். அதை யாருமே நமக்குக் கத்துக்குடுக்கல.

கிரைண்டர் கதையை முடிச்சிட்டு அங்க வர்றேன். தையல் பிரிக்கிற வரைக்கும் வேற வேலை இல்லாததால உக்காந்து கணக்குப் போட்டேன். சுமை இல்லாம அந்த மெஷினோட வேகம் நிமிஷத்துக்கு 11,000 சுற்று. 110 மில்லிமீட்டர் பிளேடோட விளிம்பு வினாடிக்கு சுமார் 63 மீட்டர் போகுது. மணிக்கு 228 கிலோமீட்டர். வந்தே பாரத் ரயிலோட வடிவமைப்பு வேகமே 180தான். அந்த பிளேடு மேல அதிகபட்ச வேகம்னு ஒரு நம்பர் அச்சடிச்சிருந்தது. அதையும் மெஷின் மேல இருந்த நம்பரையும் ஒப்பிட்டுப் பாத்தேனா? மூணு வருஷம் இன்ஜினியரிங் படிச்சவன், பாக்கல.

"சர்க்குலர் சா-வும் வேகமாத்தானே சுத்துது"ன்னு ஒருத்தன் கேட்டான். சரியான கேள்வி. ஏழு இஞ்ச் சர்க்குலர் சா நிமிஷத்துக்கு 5,000 சுற்றுன்னு வெச்சாலும் விளிம்பு வேகம் மணிக்கு 165 கிலோமீட்டரைத் தாண்டும். வித்தியாசம் வேகத்துல இல்ல. அதுக்கு அடியில ஒரு தட்டு இருக்கு, அது மரத்து மேல படிஞ்சு உக்காரும். வெட்டி முடிச்சதும் ஸ்பிரிங் கார்டு தானா வந்து பிளேடை மூடும். விரலை எடுத்தா சுவிட்ச் விட்டுடும். கிரைண்டர் இரும்பைத் தேய்க்கப் பிறந்த மெஷின். அதுல பல்லு வெச்ச பிளேடை மாட்டறது, ஆட்டுக்கல்லுல மிளகாய் வத்தல் இடிக்கிற மாதிரி. இடிபடும், ஆனா கண்ணுல தெறிக்கும்.

இதே மாதிரி இன்னொண்ணும் நம்ம ஊர்ப் பக்கம் நிறைய பாக்கலாம். மார்பிள் கட்டரைத் தலைகீழா ஒரு பிளைவுட் மேஜைக்கு அடியில முடுக்கி, பிளேடை மட்டும் மேல நீட்டி, "டேபிள் சா"ன்னு வெச்சிருப்பாங்க. தொழில் பண்றவங்க அப்படிச் செய்யறதை நான் குறை சொல்ல மாட்டேன். காலையில எட்டு மணிக்கு சைட்டுக்குப் போய் சாயங்காலத்துக்குள்ள ஒரு கிச்சன் கப்போர்டுக்கான பிளைவுட் முழுக்க அறுத்தாகணும், நல்ல மெஷின் வாங்கக் கையில காசு இல்ல, கூலி அறுத்த அளவுக்குத்தான். அவங்களுக்கு வேற வழி குறைச்சல். நமக்கு என்ன அவசரம்? அலமாரி இன்னிக்கு வரலேன்னா புத்தகம் தரையில இருக்கும். அவ்வளவுதான்.

பணம் இருக்கிற நாட்டுலயும் இந்தக் கதை இருக்கு. அமெரிக்காவுல டேபிள் சா-வால காயம்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போறவங்க வருஷத்துக்கு சுமார் 30,000 பேர்னு அவங்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தோட மதிப்பீடு. அங்க ஸ்டீவ் காஸ்னு ஒருத்தர். இயற்பியல்ல டாக்டரேட் வாங்கிட்டு காப்புரிமை வக்கீலா இருந்தவர், பொழுதுபோக்குக்கு மரவேலை. 1999-ல தன் வொர்க்‌ஷாப்ல இருந்த டேபிள் சா-வைப் பாத்துட்டே இருந்தப்போ ஒரு யோசனை வந்துச்சு. பிளேடுல ஒரு சின்ன மின் சிக்னல் ஓடிட்டே இருக்கும். உடம்பு பட்டா சிக்னல் மாறும். மாறின உடனே ஒரு அலுமினியக் கட்டை பிளேடுக்குள்ள பாயும். சுமார் 5 மில்லி செகண்ட்ல பிளேடு நின்னுடும். பெரிய கம்பெனிகள் முன்வராததால அவரே சா-ஸ்டாப்னு கம்பெனி ஆரம்பிச்சார். விரலுக்குப் பதிலா சாசேஜை வெச்சுக் காட்டின டெமோ வீடியோவை நீங்க பாத்திருப்பீங்க. அந்த மெஷின் விலைக்கு இங்க ஒரு நல்ல பைக் வாங்கிடலாம். அதனால அதை நம்ம லிஸ்ட்ல சேக்க வேண்டாம்.

இப்போ சாணைக்கல்லுக்கு வர்றேன்.

கை ஆறின பிறகு அம்மா ஒரு நிபந்தனையோட சாய்ப்புக் கதவைத் திறந்து விட்டாங்க. கரன்ட்டுல ஓடுற எதுவும் கூடாது. சரின்னு காலேஜ் பக்கத்துல ஒரு ஹார்டுவேர் கடையில மூணு உளி வாங்கிட்டு வந்தேன். கால் இஞ்ச், அரை இஞ்ச், ஒரு இஞ்ச். மரத்துல வெச்சு அடிச்சா வெட்டு விழல, மரம் நசுங்குது. வலுவா அடிச்சா வழுக்கிட்டுப் போகுது. ஒரு தடவை ஏற்கெனவே தையல் போட்ட கைக்குப் பக்கத்துலயே போச்சு.

அந்த நேரத்துலதான் எங்க புறவாசல் கதவு இறுகிக்கிட்டுத் திறக்க மாட்டேன்னு அடம்பிடிச்சுது. இலஞ்சியில சாரல் காலத்துல இது எல்லா வீட்டிலயும் நடக்கிறது. ரெண்டு தெரு தள்ளி இருக்கிற ஆசாரி தாத்தாவை அப்பா கூட்டிட்டு வந்தார். எழுபதைத் தாண்டினவர். இப்போ பெரிய வேலை எதுவும் ஒத்துக்கிறதில்ல. கதவைப் பாக்க வந்தவர் திண்டுல கிடந்த என் உளியைப் பாத்தார். எடுத்து நுனியைக் கட்டைவிரலால குறுக்கே தடவினார்.

"எய்யா, இது உளியா, திருப்புளியா?"

"புது உளி தாத்தா. நேத்துதான் வாங்கினேன்."

"புதுசுன்னா? கடையில உளியா விப்பான்? இரும்பு விப்பான். உளியா ஆக்குதது நாமல்லாடே."

எனக்கு அது வரைக்கும் இந்த விஷயமே தெரியாது. புது உளி கடையில இருந்து வர்றப்போ அரைச்ச கோடுகளோட, பாதி மொட்டையாத்தான் வரும். அதைத் தீட்டி வாங்கறது வாங்கினவன் பொறுப்பு. உளி, இழைப்புளி, கொட்டாப்புளின்னு இந்தப் பேரெல்லாம்கூட எனக்கு அவர்கிட்டதான் கிடைச்சது. அதுக்கு முன்னாடி சிசல், ஜாக் பிளேன், மாலட். இங்கிலீஷ் மீடியம் படிச்ச பாவம். மரத்தால செஞ்ச சுத்தியலுக்கு கொட்டாப்புளின்னு ஒரு பேர் இருக்குன்னு தெரிஞ்ச அன்னிக்கு அதை நாலு தடவை சொல்லிப் பாத்தேன்.

அடுத்த நாள் அவர் வீட்டுக்குப் போனேன். திண்ணையில உக்காந்து ஒரு சாணைக்கல்லைத் தண்ணியில நனைச்சு வெச்சார். ஒரு பக்கம் கரடு, மறுபக்கம் மழுக்கம், சாதாரண ரெண்டு முக கார்பரண்டம் கல். முதல்ல உளியோட முதுகைத் தட்டையா கல்லுல வெச்சுத் தேய்க்கச் சொன்னார். சரிவைத் தேய்க்கணும்னு நினைச்சவனுக்கு முதுகு எதுக்குன்னு புரியல. கூர் என்பது ரெண்டு முகம் சந்திக்கிற கோடு. ஒரு முகம் வழவழன்னு இருந்து இன்னொரு முகம் சொரசொரன்னு இருந்தா அந்தக் கோடு ரம்பப் பல்லு மாதிரிதான் இருக்கும். நுனியில அரை இஞ்சுக்கு முதுகு கண்ணாடி மாதிரி ஆகணும். புது உளிக்கு இது ஒரு தடவை செஞ்சா போதும், ஆனா அந்த ஒரு தடவைக்கு எனக்கு ஒரு மணி நேரம் ஆச்சு.

அப்புறம் சரிவு. எத்தனை டிகிரின்னு கேட்டேன். அவர் டிகிரியில பேசல. "இரும்பு என்ன கனமோ, அதுக்கு ரெண்டு பங்கு சரிவு இருக்கணும். லேசான மரம்னா ரெண்டரைப் பங்கு. அவ்வளவுதான், கேட்டியா?"

வீட்டுக்கு வந்து நோட்டுல வரைஞ்சு பாத்தேன். கனம் எதிர்ப்பக்கம், சரிவு கர்ணம். ரெண்டு பங்குன்னா சைன் மதிப்பு பாதி, அதாவது சரியா 30 டிகிரி. ரெண்டரைப் பங்குன்னா சைன் 0.4, கோணம் 23.6 டிகிரி. மேல்நாட்டு மரவேலைப் புத்தகங்கள்ல 25-ல இருந்து 30 டிகிரின்னு போட்டிருக்கிறது இதேதான். கெட்டி மரத்துக்குக் கோணம் கூட வேணும், இல்லேன்னா நுனி உதிரும். மென்மையான மரத்துக்குக் குறைச்சா வெட்டு சுத்தமா இருக்கும். புரோட்ராக்டர் இல்லாம, ஒரு குச்சியை ஒடிச்சு அளந்தே இதைச் சரிபாத்துக்கலாம். நான் ஒன்பதாங்கிளாஸ்ல இருந்து திரிகோணமிதி படிக்கிறேன், கையில பிடிச்ச ஒரு பொருள்ல அதை நான் பாத்தது அன்னிக்குத்தான்.

சரிவைத் தேய்ச்சா நுனியில முதுகுப் பக்கமா மெல்லிசா ஒரு பிசிர் எழும்பும். நகத்தால தடவினா தட்டும். நுனி முழுக்க அது எழும்பின பிறகுதான் மழுக்கப் பக்கத்துக்குப் போகணும். அப்புறம் முதுகை ரெண்டு இழு, சரிவை ரெண்டு இழுன்னு மாத்தி மாத்தி, பிசிர் உதிர்ற வரைக்கும். கடைசியா ஒரு பழைய தோல் பெல்ட்டுல நாலு தடவை பின்னோக்கி இழுக்கணும். சோதனை என்னன்னா, ஒரு மாமரக் கட்டையோட வெட்டு முகத்துல, அதாவது நார் குறுக்கே வெட்டுப்பட்ட பக்கத்துல, கொட்டாப்புளி இல்லாம கையாலயே தள்ளிச் சீவணும். நசுங்காம, மெழுகைச் சீவின மாதிரி வரணும். வந்துச்சு. எனக்கு வரல, அவருக்கு வந்துச்சு. எனக்கு வர ரெண்டு வாரம் ஆச்சு.

இடையில ஒரு முட்டாள்தனமும் பண்ணினேன். கல்லுல தேய்க்கச் சோம்பல்பட்டு, ஒரு வெல்டிங் பட்டறையில இருந்த பெஞ்ச் கிரைண்டர்ல உளியைப் பிடிச்சேன். ரெண்டு நிமிஷத்துல சரிவு பளபளன்னு ஆச்சு, நுனி மட்டும் அழகா நீல நிறமா மாறிச்சு. ரொம்ப சந்தோஷமா தாத்தாகிட்ட காட்டினேன். அவர் ஒண்ணும் பேசாம அதைத் திருப்பிக் குடுத்தார். அடுத்த நாள் வேம்புக் கட்டையில ரெண்டு அடி, நுனி தகடு மாதிரி மடங்கிடுச்சு. நீலம்னா எஃகு கிட்டத்தட்ட 300 டிகிரி செல்சியஸைத் தொட்டுடுச்சு, பதம் போச்சுன்னு அர்த்தம். டெம்பரிங் நிறங்கள் பத்தி மூணாவது செமஸ்டர்ல மெட்டலர்ஜி பேப்பர்ல ஒரு கேள்வி வந்தது. எழுதி முழு மார்க்கும் வாங்கியிருந்தேன். வைக்கோல் நிறம், பழுப்பு, ஊதா, நீலம்னு வரிசை மாறாம எழுதினவன்தான் தன் உளியைத் தானே கொன்னான்.

இதை எதுக்கு இவ்வளவு நீட்டுறேன்னா, நம்ம ஃபர்ஸ்ட் இயர் லேபை நினைச்சுப் பாருங்க. எல்லாரும் ஒரு ஹாஃப் லேப் ஜாயின்ட், ஒரு டீ ஜாயின்ட் செஞ்சோம். உளியோட மூலைகள் உடைஞ்சிருந்தது. ரம்பம் கோட்டுல போகாது. மூணு மணி நேரத்துல முடிக்கணும், அப்புறம் ரெக்கார்ட் எழுதணும். ஜாயின்ட்ல விழுந்த இடைவெளியில மரத்தூளையும் பசையையும் கலந்து அடைச்சோம். வைவாவுல கேட்டது உளியோட வகைகள் எத்தனை. அந்த உளியை யாராவது தீட்டி நான் பாத்ததில்ல. நாமளும் அதைப் பெருசா எடுத்துக்கல. மரவேலைன்னா கஷ்டம், நமக்குக் கை வராதுன்னு முடிவு பண்ணிட்டோம். கை வராதது நம்ம தப்பு இல்ல. அந்த உளியில ஆசாரி தாத்தாவுக்கே கை வராது.

அது வெறும் மார்க் பிரச்னை இல்ல. மொட்டை உளிதான் ஆபத்து. கூரான உளிக்குக் கொஞ்ச பலம் போதும், எப்போ வேணா நிறுத்தலாம். மொட்டை உளியை நகர்த்த உடம்பு பாரத்தையே போடறோம். அது திடீர்னு விடுபடறப்போ அந்த பாரம் மொத்தமும் எங்க போகுதுன்னு நம்ம கையில இல்ல. பாதுகாப்புப் பலகையில "கவனமாக இருக்கவும்"னு எழுதிட்டு, கீழே மொட்டை உளியை அடுக்கி வெச்சா என்ன பிரயோஜனம்?

ஒரு நண்பர்கிட்ட இதைச் சொன்னப்போ, "டேய், சிஎன்சி, 3டி பிரிண்டர் காலத்துல உளி தீட்டச் சொல்றியா?"ன்னார். நான் கேக்கறேன், சிஎன்சி எதை வெச்சு வெட்டுது? நாலாவது செமஸ்டர்ல டெய்லர் டூல் லைஃப் ஈக்குவேஷன் படிச்சோம். வி டி பவர் என் ஈக்குவல் டு சி. எஃப். டபிள்யூ. டெய்லர் 1907-ல வெளியிட்டது. அவர் வருஷக்கணக்கா இரும்பை வெட்டி வெட்டிப் பாத்து, ஒரு நுனி எவ்வளவு நேரத்துல மொட்டையாகுதுன்னு கண்டுபிடிச்சார். நாம அதை ரெண்டு மார்க்குக்கு மனப்பாடம் பண்றோம். மொட்டையான நுனி கையில எப்படி இருக்கும், சத்தம் எப்படி மாறும், வெட்டின முகம் எப்படி மங்கும்னு தெரியாதவனுக்கு அந்த ஈக்குவேஷன்ல இருக்கிற 'டி' வெறும் எழுத்து. இங்க பக்கத்துல அம்பாசமுத்திரத்துல சொப்புச் சாமான் கடையிறவங்களைப் பாருங்க. அங்கயும் மெஷின்தான், மோட்டார்தான். சுத்துற மரத்துல அரக்குக் குச்சியை அழுத்தினா அந்த உரசல் சூட்டுலயே வண்ணம் உருகிப் பிடிச்சுக்கும். ஆனா அதுக்கு முன்னாடி மரத்தை வழவழன்னு கடைஞ்சு வெக்கிறது கையில பிடிச்ச உளி. ஜப்பான்ல மெல்லிசா யார் இழைக்கிறாங்கன்னு போட்டியே நடக்குது. 10 மைக்ரானுக்கும் கீழே சீவல் எடுக்கிறாங்க. மைக்ரோமீட்டர் வெச்சு அளக்கிறாங்க. ரோபோட் அதிகமா செய்யற நாடுகள்ல அதுவும் ஒண்ணு.

ஆசாரி தாத்தாவை மெஷினுக்கு எதிரின்னு நினைச்சிடாதீங்க. "மெஷின் வந்த பொறவுதான்டே எனக்கு முதுகு நிமிந்துச்சு"ன்னு அவரே சொல்வார். தேக்குப் பலகையை நாள் முழுக்கக் கையால இழைச்சு வளர்ந்தவர். அவர் மகன் கேரளாவுல இன்டீரியர் வேலை, பிளைவுட், லேமினேட், முழுக்க மெஷின். மகன் வீட்டுக்கு வந்தா அப்பாவோட உளிப்பெட்டியைத் திறக்கிறதில்லங்கிறதுல அவருக்கு வருத்தம் இருக்கோ என்னவோ, என்கிட்ட சொன்னதில்ல.

ஒரு ஞாயித்துக்கிழமை அவர் எங்க சாய்ப்புல உக்காந்து டீ குடிச்சிட்டிருந்தார். மாமா வந்தார். நான் கைலியை மடிச்சுக் கட்டிட்டு இழைச்சிட்டிருந்ததைப் பாத்துட்டு, "நாலு வருஷம் ஃபீஸ் கட்டினது ஆசாரி வேலை பாக்கவா?"ன்னு சத்தமாக் கேட்டார். எனக்கு முகத்தை எங்க வெச்சுக்கிறதுன்னு தெரியல. தாத்தா டம்ளரைக் கீழே வெச்சுட்டு, "உங்க வீட்டு ஊஞ்சல் நல்லா ஆடுதா?"ன்னு மாமாகிட்ட விசாரிச்சார். அந்த ஊஞ்சல் பலகை அவர் செஞ்சது, முப்பது வருஷம் ஆகுது. மாமா "ஆடுது ஆடுது"ன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டார். நான் பொழுதுபோக்குக்குச் செஞ்சா 'ஹாபி', அவர் செஞ்சா 'ஆசாரி வேலை'. என் சீவலும் அவர் சீவலும் ஒரே தரையிலதான் கிடந்தது. அவரோடது முழுசா, சுருளா இருந்தது. என்னோடது துண்டு துண்டா.

சரி, வொர்க்‌ஷாப் எப்படிப் போடறதுன்னு கேட்டவங்களுக்கு. என்னோடது புறவாசல்ல பத்துக்கு எட்டு அடி சாய்ப்பு. இடம் பெருசா வேண்டாம், வெளிச்சம் வேணும். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டுல விழுந்தா பலகையில இருக்கிற மேடு பள்ளம் தானா தெரியும். நேர் மேல டியூப்லைட் இருந்தா எல்லாம் சமமாத் தெரிஞ்சு ஏமாத்தும். அடுத்தது பெஞ்ச். ஆசாரி தாத்தா தரையில உக்காந்து, மரத்தைக் காலாலயே பிடிச்சுக்கிட்டு வேலை பாப்பார். அவருக்குக் கால்தான் வைஸ். நமக்கு அந்த இடுப்பு கிடையாது. இடிச்ச வீட்டுச் சாமான் விக்கிற பழைய மரக்கடையில பழைய நிலைச் சட்டங்களை வாங்கி, நின்னா மணிக்கட்டு உயரம் வர்ற மாதிரி ஒண்ணு அடிச்சுக்கிட்டேன். பெஞ்ச் அழகா இருக்க வேண்டாம், கனமா இருக்கணும். இழைக்கிறப்போ ஆடினா உங்க பலத்துல பாதி ஆட்டத்துக்கே போயிடும். அந்தப் பழைய மரத்துல இன்னொரு லாபம், பல வருஷம் காஞ்சு முடிஞ்சது, இனி முறுக்காது. ஆனா ஆணி ஒளிஞ்சிருக்கும். காந்தத்தை வெச்சுத் தடவிப் பாத்துட்டு இழைங்க. நான் பாக்காம இழைச்சு இழைப்புளித் தகட்டுல ஒரு பல்லு விழ வெச்சேன்.

வாங்கற வரிசையைக் கேட்டீங்கன்னா, கல்லுக்கு அப்புறம் ஒரு மூலமட்டம், ஒரு ரம்பம், ரெண்டு மூணு உளி, ஒரு இழைப்புளி, ரெண்டு சி-கிளாம்ப். கல் குழிஞ்சா அதுல தீட்டற உளியும் வளையும். அதனால கல்லு மேல பென்சிலால கட்டம் போட்டு, ஒரு கிரானைட் துண்டு மேல எமரி பேப்பரை விரிச்சு, கட்டம் முழுசா மறையற வரைக்கும் கல்லைத் தேய்ச்சுக்கணும். எங்க ஊர் சாரல்ல ரெண்டு நாள் விட்டா இரும்பு செம்பட்டை ஆயிடும். வேலை முடிச்சதும் தேங்கெண்ணெய் துணியால ஒரு துடைப்பு துடைச்சிட்டுத்தான் நான் விளக்கை அணைக்கிறேன். தூசியை லேசா எடுத்துக்காதீங்க. மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும்னு உறுதியான பட்டியல்லதான் உலக சுகாதார அமைப்போட ஆய்வு நிறுவனம் வெச்சிருக்கு. கொரோனாவுல வாங்கின என்-95 பீரோவுல சும்மாத்தானே கிடக்கு.

மெஷின் வேண்டவே வேண்டாம்னு சொல்லல. போன மாசம் அம்மா மனசு இறங்கி ஒரு டிரில் வாங்க சம்மதிச்சாங்க. அடுத்தது கார்டு உள்ள ஒரு நல்ல சர்க்குலர் சா-வுக்குக் காசு சேத்துட்டிருக்கேன். சுத்துற மெஷின் பக்கத்துல போறப்போ கையுறை வேண்டாம், இழுத்துக்கிட்டுப் போயிடும். கைலி, தோள்ல துண்டு, கழுத்துல தொங்குற ஐடி கார்டு கயிறு எதுவும் வேண்டாம். பலகையைக் கையால பிடிக்காம கிளாம்ப் போட்டுப் பிடிங்க. நான் அன்னிக்கு ஒரே ஒரு கிளாம்ப் போட்டிருந்தா என் இடது கை அங்க இருந்திருக்காது.

அந்தக் கதவு என்ன ஆச்சுன்னு சொல்ல மறந்துட்டேன். தாத்தா அதை ஒரு நூல் அளவுக்கு மட்டும் சீவிட்டு நிறுத்திட்டார். இன்னும் உரசுது, நல்லா எடுத்துடுங்கன்னு நான் சொன்னேன். "இப்ப எடுத்தா தை மாசம் நிலைக்கும் கதவுக்கும் நடுவுல பல்லி போவும்"னார். பச்சைத் தேக்கு முழுசாக் காயறப்போ அகலவாக்குல அஞ்சாறு சதவீதம் வரைக்கும் சுருங்கும், நீளவாக்குல கணக்குலயே வராது. காஞ்ச மரமும் ஈரத்துக்கு ஏத்த மாதிரி கொஞ்சம் ஊதிக்கிட்டும் சுருங்கிக்கிட்டும்தான் இருக்கும். எங்க புறவாசல் கதவு பலகையைப் பக்கத்துல பக்கத்துல சேத்து அடிச்சது, முழு அகலமும் மரம், அதனால நல்லா ஊதுது. முன்வாசல் கதவு சட்டம் போட்டு உள்ள காடியில பலகையைச் சும்மா செருகினது. பலகை காடிக்குள்ளயே ஊதிச் சுருங்கிக்கும், வெளி அளவு அதிகம் மாறாது. பழைய கதவுல கட்டம் கட்டமா இருக்கிறது அழகுக்குன்னு நான் நினைச்சிட்டிருந்தேன். தை மாசம் வந்துச்சு, புறவாசல் கதவு கச்சிதமா மூடுச்சு.

இலஞ்சின்னா மகிழ மரத்துக்கும் ஒரு பேர். தாவரவியல்ல அந்த மரத்துக்கு மிமுசாப்ஸ் எலெங்கின்னு இருக்கிற பேருல எங்க ஊர்ப் பேரோட சத்தம் கேக்கும். ரொம்பக் கெட்டியான மரம். காத்துல ஒடிஞ்சு விழுந்த ஒரு கிளையில இருந்து ஒரு முழத் துண்டை எடுத்து வெச்சு ஆறு மாசமாக் காய வெச்சிட்டிருக்கேன், கொட்டாப்புளி செய்யணும்னு. புளியங்கட்டைதான் அதுக்கு நல்லதுன்னு தாத்தா சொல்லிட்டார். இருந்தாலும் ஊர்ப் பேர் மரத்துல ஒண்ணு இருக்கட்டும்னு எனக்கு ஆசை.

காலேஜுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். புது மெஷின் எதுவும் கேக்கல. ஃபர்ஸ்ட் இயர் மரவேலை வகுப்புகள்ல முதல் வகுப்பை ஜாயின்ட்டுக்கு விடாம தீட்டறதுக்கு விடுங்க. ரெண்டு பேருக்கு ஒரு கல். அவங்கவங்க உளியை அவங்கவங்களே தீட்டி, அதாலயே அடுத்த வகுப்புல ஜாயின்ட் வெட்டட்டும். ஒரு ஜாயின்ட் குறைஞ்சா குறையட்டும். வொர்க்‌ஷாப் டெக்னீஷியன் அண்ணன்கிட்ட பேசினேன். சனிக்கிழமை மதியம் ரெண்டு மணிக்கு மேல மர வொர்க்‌ஷாப்பைத் திறந்து விடறேன், இருக்கிற உளியை எல்லாம் எடுத்துத் தர்றேன்னு சொல்லியிருக்கார். எண்ணிப் பாத்தேன், 26 இருக்கு. என்கிட்ட ரெண்டு கல் இருக்கு. கல் இருக்கிறவங்க கொண்டு வாங்க, இல்லாதவங்க ஒரு பழைய பெல்ட்டாவது கொண்டு வாங்க. ரெக்கார்ட் நோட் வேண்டாம்.